டீசல்காரர் கேட்ட கச்சேரிகள்

ஊரில் பெரிய பாட்டுக் கச்சேரி எது நடந்தாலும் அங்கே அவர் இருப்பார். முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். பெயர்பெற்ற பாடகர்கள், குரல் போன பிறகும் விடாமல் பாடியவர்கள், ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஓட்டியவர்கள் என்று எல்லாரும் பாடிய மைதானங்களில் அவரும் இருந்திருக்கிறார். ஆனால் ஒரு பாட்டைக்கூட அவர் கேட்டதில்லை.

காரணம் ரொம்ப எளிது. அவர் ஜெனரேட்டர்காரர். மேடை விளக்கு, ஒலிபெருக்கி, பெரிய திரை, பாடுகிறவரின் அறையில் ஓடும் ஏசி வரைக்கும் வேண்டிய மின்சாரம் முழுவதும் இரண்டு லாரிகளில் வந்து நிற்கும் ஜெனரேட்டர்களிலிருந்துதான் போகும். அந்தச் சத்தம் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று லாரிகளை மைதானத்தின் கடைசி மூலையில், மேடைக்குப் பின்னால், கழிப்பறைகளுக்கும் அப்பால் நிறுத்துவார்கள். ஒலிபெருக்கிகள் எல்லாம் ஜனங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும். டீசல் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். காதில் விழுவது எஞ்சினின் இரைச்சல் ஒன்றுதான். பாடுவது யாராக இருந்தாலும் அந்த இரைச்சலில் ஒரு மாற்றமும் இருக்காது.

கூட வேலை செய்கிறவர்கள் அவரை டீசல்காரர் என்பார்கள். எந்தச் சோப்புக்கும் மசியாத வாசனை அது. அவரும் அந்தப் பெயரை மறுத்ததில்லை. வேறு எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவருக்கு முதல் தடவையில் காது கேட்காது என்பது வேறு விஷயம்.

பாட்டு காதுக்கு வராதே தவிர, மீட்டர் முள்ளுக்கு வரும். துள்ளலான பாட்டு என்றால் மேடையில் இருக்கிற விளக்கு அத்தனையும் எரியும். முள் விறுவிறுவென்று ஏறும். சோகப் பாட்டு என்றால் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைப்பார்கள். முள் சரிந்து கீழே படுத்துக்கொள்ளும். முள் ஏறும்போது எஞ்சின் முக்கும், இறங்கும்போது மூச்சு விடும். கச்சேரியைப் பற்றி அவருக்கு நேரடியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த விஷயம் வீட்டில் தெரியாது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு கச்சேரி முடிந்து, கேபிள்களைச் சுருட்டி ஏற்றி, முதுகு இரண்டாகப் பிளந்த மாதிரி வீட்டுக்கு வந்தார். மனைவி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டாள். உள்ளதைச் சொல்வதானால் லாரி எங்கே நிற்கும், ஏன் அங்கே நிற்கும், ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கும் என்று ஆதியோடந்தமாக விளக்க வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு இல்லை. "பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை பிறகு அவரை விடவில்லை. அடுத்த கச்சேரிக்கு அவள் இன்னும் கொஞ்சம் விவரமாகக் கேட்டாள். முதலில் என்ன பாடினார்கள், ஜனங்கள் எழுந்து ஆடினார்களா, அந்தப் பாட்டைப் பாடினார்களா இல்லையா என்று. மூட்டை கட்டும்போது மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் விளக்குக்காரரிடம் பேச்சுக் கொடுத்து அவர் விஷயத்தைக் கறந்துகொண்டு வரத் தொடங்கினார். மூன்றாவது பாட்டில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம், முன்வரிசையில் ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாளாம். இதையெல்லாம் தானே கண்டதைப் போல, கையை ஆட்டி, வீட்டில் வந்து சொல்வார். அவள் கண் கொட்டாமல் கேட்பாள். மற்ற நாட்களில் அவர்கள் பேசுவதெல்லாம் தண்ணீர் வந்ததா, அரிசி தீர்ந்ததா என்ற அளவில்தான். கச்சேரி நடந்த மறுநாள் காலை மட்டும் அந்த வீட்டில் பேச்சு இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

வயது ஏறி அவருக்கு ஒரு காது மந்தமானபோது, பாட்டு கேட்டுக் கேட்டே காதைப் போக்கிக்கொண்டார் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். சொன்னதில் ஒரு பெருமையும் இருந்தது. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா அதைக் கேட்டுவிட்டு, "உன் புருஷன் குடுத்து வெச்சவர்மா" என்றார்.

வீட்டுக்கார அம்மா அப்படிச் சொல்லாமல் என்ன செய்வார்? பாதிக் கச்சேரிகளை அவர்தான் கேட்டார். அந்தக் காலத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் கச்சேரி நடத்தும் கம்பெனி இரண்டு இலவச பாஸ் கொடுக்கும். கடைசி வரிசைதான், ஆனாலும் நாற்காலி உண்டு. அந்த பாஸ்களை வைத்துத்தான் டீசல்காரர் குடும்பம் நடத்தினார் என்றுகூடச் சொல்லலாம். வீட்டுக்கார அம்மாவின் முகம் கோணாமல் இருக்க இரண்டு. மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது அங்கே இருந்த எழுத்தருக்கு இரண்டு. மாமியார் படுக்கையில் கிடந்தபோது மருத்துவமனையில் கட்டில் பார்த்துக் கொடுத்தவருக்கு இரண்டு. அடுத்ததற்கு நாம் போகலாம் என்று மனைவியே சொல்வாள். அடுத்தது வரும்போது பிள்ளைக்குக் காய்ச்சல், அதற்கு அடுத்தது வரும்போது பரீட்சை. அவள் விட்டுக்கொடுத்தபோதெல்லாம் அவர் வருத்தப்படுகிறவரைப் போலத் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அவள் ஒருமுறை வந்துவிட்டால், இடைவேளையில் அவரைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வராமல் இருப்பாளா?

இப்படியே வருஷங்கள் ஓடின. அவள் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுதிகளிலிருந்து வரும் கட்டில் விரிப்புகளை இஸ்திரி எந்திரத்தின் வாயிலிருந்து சூடாக வாங்கி மடிக்க வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று, முனையோடு முனை சேர்த்து, நாள் முழுக்க மடிப்பார்கள். எந்திரச் சத்தத்தில் பேச முடியாது. மனதுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு மடித்தால் கை தானாக ஓடும் என்பாள். அவள் பாடிக்கொள்வது எப்போதும் ஒரே பாடகியின் பாட்டுத்தான். அதிலும் ஒரு பாட்டு, மெதுவாகத் தொடங்கி மெதுவாகவே முடிவது, கூட வாத்தியம் அதிகம் கிடையாது. என் பாட்டுக்காரி என்றுதான் அந்தப் பாடகியைச் சொல்வாள், ஏதோ ஒன்றுவிட்ட அக்காள் என்பதைப் போல.

இதற்கிடையில் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு காலத்தில் டிக்கெட் விலைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம். பிறகு தோல் ஷூ வாங்கலாம் என்றானது. இப்போது அந்தக் காசுக்குச் செருப்புக் கடைக்கு ஒரு மாத வாடகையையே கட்டிவிடலாம். மைதானத்தைச் சுற்றி முன்பு வெறும் கயிறுதான் கட்டுவார்கள். டிக்கெட் இல்லாதவர்கள் வெளியே சாலையோரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து ஓசியில் கேட்பார்கள். விலை ஏற ஏறக் கயிறு போய்த் தகரம் வந்தது, தகரத்தின் மேல் கறுப்புத் துணி வந்தது, கடைசியில் அந்தச் சாலையையே மூடிவிட்டார்கள். காசு கொடுத்தவன் வயிறு எரியக் கூடாதாம். இலவச பாஸ் எப்போது நின்றது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஒரு கச்சேரிக்கு இரண்டு ஒன்றானது, அடுத்ததற்கு அந்த ஒன்றும் வரவில்லை, யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பாடகி, இனிமேல் மேடையில் பாடப்போவதில்லை, இதுதான் கடைசிச் சுற்று என்று அறிவித்தார். இந்த ஊரிலும் ஒரு நாள் பாடுகிறார் என்றார்கள். டீசல்காரருக்கு வேலை நிச்சயம். அன்று மனைவி வேலையிலிருந்து வந்து, கால் வீக்கத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, வேறு எதையோ பேசுகிற குரலில் சொன்னாள்.

"இந்த ஒரு தடவை நான் வரணுங்க. உக்காந்து கேக்கணும். அப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்."

முப்பது வருஷத்தில் அவள் தனக்கென்று வாய் திறந்து கேட்டது அதுதான். அவர் சரி என்றார். வேறு என்ன சொல்வது?

டிக்கெட் விற்பனை போனில் நடந்தது. வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள். அவள் அங்கிருந்து ஒரு பக்கம் முயற்சி செய்வாள், இவர் இங்கிருந்து ஒரு பக்கம். யாருக்குக் கிடைத்தாலும் சரி. வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டுவதற்காக அவருடைய வங்கி அட்டை விவரம் ஏற்கெனவே மகளிடம் இருந்தது. மறுநாள் காலையில் டீசல்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனைப் பார்த்தார். மனைவி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஆகக் குறைந்த விலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை பச்சையாகத் தெரிந்தது. அவர் விரலை எடுத்துக்கொண்டு போவதற்குள் அது சாம்பல் நிறமாகிவிட்டது. யாரோ பிடித்துவிட்டார்கள்.

பிடித்தது மகள்தான். அங்கே அவள் இரண்டு இருக்கையையும் பிடித்து, அப்பாவின் அட்டையைப் போட்டு, பணம் கட்டும் இடத்துக்கு வந்துவிட்டாள். அதற்கு வேண்டிய ஓ.டி.பி. அப்பாவின் போனுக்கு வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் டீசல்காரர் பதறிப்போனார். இந்த மாதிரி எண் வந்தால் யாரோ பணத்தைத் திருடுகிறார்கள் என்று அர்த்தம், யார் கேட்டாலும் சொல்லாதே, போனை அணைத்துவிடு என்று நூறு தடவை பாடம் நடத்தியதே அந்த மகள்தான். அவர் சமர்த்தாகப் போனை அணைத்துவிட்டார். அணைத்ததோடு நில்லாமல், பிழைத்தோம் என்று மனைவியிடம் சொல்லி நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அரை மணி கழித்துப் போனைப் போட்டபோது மகள் அழாத குறை. பிடித்து வைத்த இருக்கை கைவிட்டுப் போய்விட்டது. மறுபடி பார்த்தால் கடைசி வரிசையே அவருடைய மாதச் சம்பளத்தைத் தாண்டி நின்றது. வாங்க ஆள் கூடக் கூட விலை தானாக ஏறுமாம். எந்த மனிதனும் உட்கார்ந்து ஏற்றுவதில்லையாம், தானாகவே ஏறுமாம். தானாக ஏறுகிறது தானாக இறங்காதா என்று மனைவி கேட்டாள். யாரையும் திட்டவில்லை. மீதி அரைநாளை எதற்கு வீணாக்குவது என்று சலவைக் கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீசல்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் கம்பெனி மேனேஜரிடம் போய் நின்றார். இந்த முப்பது வருஷத்தில் அவர் யாரிடமும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை. மேனேஜர் நல்ல மனிதர்தான். தன் மனைவிக்கே காசு கொடுத்துத்தான் டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொல்லிக் கையை விரித்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராய் நிமிர்ந்தார்.

"அண்ணே, ஜெனரேட்டர் பக்கத்துல தீயணைக்கிற சிலிண்டரோட ஒரு ஆள் நிக்கணும்னு இப்ப புதுசா விதி. அந்த ஆளா அண்ணியை வெச்சுக்கலாம். வேலைக்காரங்க கைப்பட்டை குடுத்துடறேன். உள்ள வந்துடுவாங்க. ஆனா அந்த மூலையை விட்டு எங்கயும் போக முடியாது."

டீசல்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகத்திலேயே பாட்டு கேட்காத ஒரே இடம் எதுவோ, அந்த இடத்துக்குத்தான் அவளுக்கு இலவச அனுமதி கிடைத்திருக்கிறது.

சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனார். உள்ளே வர அனுமதி கிடைத்திருக்கிறது என்ற முதல் பாதியைச் சொன்னவுடனே அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் பதினெட்டு வயதுக்காரி முகமாகிவிட்டது. இரண்டாவது பாதியை அவர் முழுசாகச் சொல்லவில்லை. அங்கே அவ்வளவு நன்றாகக் கேட்காது என்று மட்டும் இழுத்தார். உங்களுக்குக் கேட்கிற அளவு எனக்குக் கேட்டால் போதும் என்றாள் அவள்.

கச்சேரி நாள் வந்தது. விசேஷங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சை உடுப்பை அவள் போட்டுக்கொண்டாள். அதன் மேல் கம்பெனி கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டச் சொன்னார்கள். கையில் மஞ்சள் பட்டை. தலையை வாரிப் பூ மாதிரி ஒரு கிளிப்பும் வைத்திருந்தாள். தீயணைக்கும் சிலிண்டரைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். டீசல்காரர் அவளுக்கென்று எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டார். விளக்குக்காரரைப் பிடித்து, பத்து நிமிஷமாவது மேடை ஓரத்தில் அவளை நிற்கவைக்க முடியுமா என்று கெஞ்சினார். விளக்குக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கழிப்பறை தாண்டியதும் காவலுக்கு நின்றவர் மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மேடைப் பக்கம் போக நீலப் பட்டை வேண்டுமாம். அவள் திரும்பி வந்து, பரவாயில்லை, எல்லாரும் ஒரே இடத்தில் நின்றால் யார்தான் வேலை பார்ப்பது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. வாக்கி டாக்கியில் உத்தரவு வந்தது. டீசல்காரர் எஞ்சினை முடுக்கினார். முதலில் ஒன்று, பிறகு துணைக்கு இன்னொன்று. தரை அதிர்ந்தது, நாற்காலி நடுங்கியது. அவள் முதலில் சிரித்தாள். அது அடங்கிவிடும், பாட்டு ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. மேடைப் பக்கம் வானம் வெளுத்தது. ஜனங்கள் ஆர்ப்பரித்திருக்க வேண்டும். தூரத்தில் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஏதோ வந்து எஞ்சின் சத்தத்தில் கரைந்தது. அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குவித்துக்கொண்டாள். எழுந்து நின்று பார்த்தாள். இரண்டடி இந்தப் பக்கம், இரண்டடி அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள். அவர் மீட்டரைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவள் அவர் பக்கத்தில் வந்தாள். கேட்கிற காது எது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"இத்தனை வருஷமா இதையா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

அவர் தலையை ஆட்டினார். வெட்கமாக இருந்தது. குட்டு வெளிப்பட்ட வெட்கம் மட்டும் இல்லை. கேட்காத பாட்டுக்காக அவளைக் காலையில் எத்தனை தடவை ஏமாற்றி உட்காரவைத்தோம் என்ற வெட்கம். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். மன்னிப்பைக் கத்திக் கேட்டால் சண்டை மாதிரி இருக்கும்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கவிழ்த்துப் போட்ட கேன், அதன் மேல் மடித்துப் போட்ட கோணிச்சாக்கு, எண்ணெய் படிந்த டார்ச், மூடி போன தண்ணீர்ப் பாட்டில். தான் முப்பது வருஷமாகப் பொறாமைப்பட்ட இடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம், ஜனங்கள் எழுந்து நின்றார்கள் என்றெல்லாம் வந்து சொன்னீர்களே, அதெல்லாம் எப்படி என்று கத்திக் கேட்டாள். அவர் முதலில் விளக்குக்காரர் இருந்த திசையைக் காட்டினார். பிறகு மீட்டர் முள்ளைக் காட்டினார். முள் ஏறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கி, உட்கார்ந்தபடியே ஆடிக் காட்டினார். துள்ளல் பாட்டு.

அவள் நாற்காலியை இழுத்து மீட்டருக்கு எதிரே போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் கச்சேரி பார்த்தார்கள். முள் ஏறினால் அவள் அவரைப் பார்ப்பாள், அவர் ஆமாம் என்பார். முள் தடதடவென்று குதித்தால் மேளக்காரன் முறை. நடுவில் ஒரு தடவை அவர் எழுந்து போய் டீசல் ஊற்றிவிட்டு வந்தார். சிலிண்டரை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் அவளும் பார்த்துக்கொண்டாள். ஏற்ற வேலை ஆயிற்றே.

கடைசியை நெருங்கும்போது முள் சரிந்தது. சரிந்துகொண்டே போய், அவர் இதுவரை எந்தக் கச்சேரியிலும் பார்க்காத அளவுக்குக் கீழே போய் நின்றது. எங்கேயோ கேபிள் பிடுங்கிக்கொண்டதோ என்று பயந்து அவர் எழுந்தேவிட்டார். மேடைப் பக்கம் வானத்தில் வெளிச்சம் இல்லை. ஒரே ஒரு விளக்கு எரிந்தால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் வாக்கி டாக்கியை எடுக்கப் போனபோது அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டுத்தான். அவள் முள்ளின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. தன் வீட்டுப் பாட்டும் தனக்குக் கேட்கவில்லையே என்று அவருக்கு அப்போது ஆத்திரமாக வந்தது. எஞ்சினை ஓங்கி ஒரு உதை விடலாமா என்றிருந்தது. விடவில்லை. அவள் கை அவர் கையின் மேலேயே இருந்தது. முள் மறுபடி ஏறும்வரை அவள் பாடினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஆரஞ்சுச் சட்டையை மடித்து, விரிப்பு மடிக்கிற பழக்கத்தில் முனையோடு முனை சேர்த்து, மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை என்று ஒன்று வருமே, அப்போது அந்த வீட்டில் என்ன பேச்சு இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. இனிமேல் எந்தக் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தாலும் அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. ஓய்வு பெறும்வரை தண்ணீரும் அரிசியும்தான்.

காலையில் வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவரும் போயிருந்தார். இந்தத் தடவை பாஸ் இல்லாமல், யானை விலை குதிரை விலை கொடுத்து. அந்த வயிற்றெரிச்சலை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்களாம், மேடையே தெரியவில்லையாம், அத்தனை காசைக் கொட்டிவிட்டுக் கடைசிவரை திரையைத்தான் பார்த்தாராம். கூட்டத்துக்குப் பயந்து கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பியும்விட்டாராம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நீயும் போனியாமே. உள்ள, பக்கத்துலயே இருந்திருப்பே. எப்படிம்மா இருந்துச்சு?"

டீசல்காரர் டீயை வாயில் வைத்தவர் அப்படியே நின்றார். இதோ, மொத்தமும் சந்திக்கு வரப்போகிறது என்று நினைத்தார்.

"பிரமாதம்" என்றாள் மனைவி. "கடைசியில எல்லா விளக்கையும் அணைச்சுட்டாங்க. ஒரே ஒரு விளக்குதான். அந்த வெளிச்சத்துல பாடினாங்க."

"அடடா, அதை விட்டுட்டேனே" என்றார் வீட்டுக்கார அம்மா. குடுத்து வைத்தவர்கள் என்று இந்தத் தடவை இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

அவர் போகும்வரை டீசல்காரர் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

அவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வேலைக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"லாரி எங்க நிக்கும், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பாக்கும்னு அவங்களுக்கு யாரு உக்காந்து விளக்கறது?" என்றாள். "களைப்பா இருக்குங்க."

அவர் ஆமாம் என்றார். அவளுக்கும் ஒரு டீ ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்.